பின்பக்கக் கூரையில் ஐந்து வரிசை

கலாவின் கம்பெனிக்குப் போன மாதம் ஒரு டிரோன் வந்தது. மடக்கி வைத்தால் முறுக்கு டப்பா அளவுதான் இருக்கிறது. டிரைவ்வேயில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் வண்டு மாதிரி இரைந்துகொண்டு மேலே போகிறது. கூரையை நாலு சுற்றுச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், அந்தக் கூரையில் எங்கெங்கே பனி சரியாமல் தடுக்கும் ஸ்நோ கார்டு ஒட்ட வேண்டும் என்று புள்ளி புள்ளியாகக் கலாவின் டேப்லெட்டில் வந்து நிற்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர், "இது இல்லாத காலத்துல எப்படி மார்க் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கலா முந்திக்கொண்டாள்.

"அப்போ நம்ம ராமாத்தா ஆன்ட்டிதான் டிரோன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று முழுக்க அந்த டிரோனைக் காலால் எத்த வேண்டும்போல இருந்தது.

அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல டைப் செய்வது கலாதான். என் பேச்சை அவள் பத்திரிகைத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அவள்மேல் எனக்கு இருந்த பொறாமையைத் துளிகூடக் குறைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "இருந்ததுன்னு போடட்டுமா, இருக்குன்னு போடட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்கிறாள். வேலையைப் பார் என்றேன்.

காங்கயத்துப் பக்கம் எங்கள் ஊரில் நானும் என் வீட்டுக்காரரும் ஓடு வேயும் வேலை பார்த்தோம். அவர் மேலே, நான் கீழே. நான் ஓட்டை வீசுவேன், அவர் பிடிப்பார். பதினெட்டு வருஷம் வீசினேன். ஒரு நாள்கூட மேலே ஏற விட்டதில்லை. பெண்பிள்ளை கூரையேறினால் ஆம்பிளைகள் கீழே எப்படி நடமாடுவது என்பார்கள். அதனால் மேலே ஏறுகிற யாரைக் கண்டாலும் அப்போதிருந்தே எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. அவர் போய்ச் சேர்ந்தபின், சிட்டிசன் ஆகியிருந்த மகன் எனக்கு க்ரீன் கார்டு வாங்கித் தந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக் கூட்டிவந்தான். காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் டிஷ்வாஷரும்தான். டிஷ்வாஷரோடு எவ்வளவு நேரம் பேசுவது?

எதிர்வீட்டில் ஒருநாள் தகரக் கூரைமேல் மூன்று பேர் எதையோ வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகளின் கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக். ஒரு பாதி தகரத்தில் படுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, மறு பாதி பல் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அதுதான் ஸ்நோ கார்டு. நான் பல் என்றே சொல்வேன். விழும்போது பனி பஞ்சாகத்தான் இருக்கும். கூரையில் இரண்டு நாள் கிடந்தால் கல்லாகிவிடும். வெயில் பட்டதும் அடியில் தண்ணீர் ஊறி, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி மொத்தமாக வழுக்கி விழும். கீழே கார் நின்றாலும் சரி, ஆள் நின்றாலும் சரி, அதற்கு ஒன்றுதான். பல் இருந்தால் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இருந்த இடத்திலேயே உருகிச் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

அந்த மூன்று பேரில் மப்ளர் கட்டியவர் தமிழில் யாருடனோ போனில் பேசியதைக் கேட்டதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங் தம்பி, மூணாவது வரியில ஒண்ணு தள்ளி நிக்குதுங்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நூலைப் பிடித்து வரிசையைப் பார்த்தார். அப்புறம் இறங்கி வந்தார்.

"கீழ நிண்டு எப்பிடி அக்கா கண்டுபிடிச்சனீங்கள்?"

"கண்ணு இருக்குதுங்களே."

அவர் விரல் முட்டியால் ஏணியை இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக். "வேலைக்கு வாறீங்களோ?" என்று கேட்டார். அவர்தான் யோகன் தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர், கம்பெனி முதலாளி. நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மகன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் அவனுடைய பழைய ஜீன்ஸையே மாட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

யோகன் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏணியைச் சாய்த்தால் மூன்று முறை ஆட்டிப் பார்க்காமல் கால் வைக்க மாட்டார். சர்க்கரை போடாத பிளேன்டீயைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்பார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வார், அவ்வளவுதான். கை பைக்குள் போனால் எங்களுக்குச் சோறு இறங்காது. வேலை பிடித்தால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் இரண்டு தட்டு. தகரம், ஏணி, வேன் கதவு, ஒருமுறை மார்க்கோவின் தலைக்கவசம். மார்க்கோ ஈக்வடார்க்காரன், மேலே ஒட்டுகிற ஆள். நன்றாக இருக்கிறது, பரவாயில்லை, இந்த மாதிரி வார்த்தை எதுவும் அவரிடம் கிடையாது. இரண்டு தட்டு மட்டும்தான்.

என் வேலை சாக்பீஸ். தகரக் கூரையில் ஒரு முழம், ஒன்றேகால் முழத்துக்கு ஒரு மடிப்பு நிமிர்ந்து நிற்கும். நான் அதை வரப்பு என்றேன், இரண்டு வரப்புக்கு நடுவில் இருப்பதைப் பாத்தி என்றேன். யோகன் தம்பியும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார். முதல் வரிசை கூரை விளிம்பில் வரக் கூடாது, கீழே சுவர் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வர வேண்டும். அந்த வரிசையில் ஒரு பாத்தி விட்டு ஒரு பாத்தியில் பல். அடுத்த வரிசையில், விட்டுப்போன பாத்திகளில் பல். கூரையை அளந்துவிட்டு அவர் எனக்கு வாயால் சொல்வார்.

"இருவத்தொம்பது பாத்தி அக்கா. அஞ்சு வரி. பதினஞ்சு, பதினாலு, பதினஞ்சு, பதினாலு, பதினஞ்சு."

நான் டிரைவ்வேயில் அப்படியே புள்ளி வைப்பேன். இடுக்குப்புள்ளிக் கோலம் வைத்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மார்க்கோ கூரையிலிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்து ஒட்டுவான். அவனுக்கு ஸ்பானிஷ், யோகன் தம்பிக்கு யாழ்ப்பாணம், எனக்குக் காங்கயம். அந்தப் புள்ளி மட்டும்தான் எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது. சாக்பீஸ் வைத்திருக்கிறவர் சொன்னபடிதான் கூரை. மூன்று வருஷம் அது என் கையில் இருந்தது. ஊரிலிருந்து வந்த ஒரு அல்வா டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

அந்த மூன்று வருஷமும் மேலே ஏற விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "உங்களுக்கு ஒண்டு நடந்தா உங்கட மகனுக்கு நான் என்ன சொல்லுறது?" என்பார்.

அப்போதுதான் கலா வந்தாள்.

மெட்ராஸ் பெண். சிவில் இன்ஜினியரிங் படித்தவள். புருஷன் விசாவில் வந்து, வேலை செய்யும் அனுமதிக்கு வருஷக் கணக்கில் காத்திருந்து வாங்கியவள். போன் எடுக்கத்தான் வந்தாள். இரண்டே வாரத்தில் யோகன் தம்பியின் காகிதங்களையெல்லாம் டேப்லெட்டில் ஏற்றினாள். ஒரே மாதத்தில் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு கூரை உச்சிக்குப் போய் நின்று, கீழே இருந்த எனக்குக் கை ஆட்டினாள். நான் திரும்ப ஆட்டவில்லை.

மார்க்கோ என்னை அக்கா என்பான். அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இவள் வந்த முதல் நாளே ஆன்ட்டி என்றாள். நிறம் குறைவு, குட்டை, எலி வால் மாதிரிச் சடை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். டைப் பண்ணுகிறவள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். யோகன் தம்பியின் தட்டுகளையும் எண்ண ஆரம்பித்தேன். வேன் கதவின் உட்பக்கம் அவளுக்கு இடது பக்கம் கோடு, எனக்கு வலது பக்கம் கோடு. பசைக் குழாய்க் கணக்கு என்று மார்க்கோ நினைத்தான். இரண்டு மாதத்தில் இடது பக்கம் நிரம்பிக் கதவுப் பிடிவரை போய்விட்டது.

அவள் கொண்டுவருகிற தயிர்சாதத்தில் உப்பில்லை என்று தினமும் குறை சொன்னேன். ஒருநாள் உப்புப் பொட்டலத்தையே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்களே போட்டுக் குடுங்க ஆன்ட்டி."

போட்டேன். வேண்டுமென்றே இரண்டு சிட்டிகை கூடுதலாகப் போட்டேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "இப்பதான் சூப்பரா இருக்கு," என்றாள். இப்படிப்பட்டவளை எப்படித்தான் வெறுப்பது? ஆனாலும் வெறுத்தேன்.

ஒருநாள் காலையில் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே யோகன் தம்பி சொன்னார்: "அக்கா, இனி மார்க்கிங்கைக் கலா டேப்லெட்டில பாக்கட்டும். நீங்கள் பல்லைத் துடைச்சுக் குடுங்கோ."

அல்வா டப்பாவைக் கலாவிடம் கொடுத்தேன். மூடியைக் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் இலை உதிரும் சமயத்தில் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு வீடு வந்தது. கறுப்புத் தகரக் கூரை, நல்ல சரிவு. இளம் புருஷன் பெண்டாட்டி, கோயம்புத்தூர்க்காரர்கள், ஆறு மாதக் கைக்குழந்தை. வீட்டின் பின்பக்க மூலையில், கூரை விளிம்புக்கு நேர் கீழே கேஸ் மீட்டர். யோகன் தம்பி அந்த மீட்டர் பக்கத்தில் நின்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த வீட்டில மற்றதெல்லாம் பிறகு. இந்த மீட்டருக்கு மேல ஒரு கட்டிப் பனி விழக்கூடாது. விளங்குதோ?"

பல் ஒட்டுகிற பசைக்குக் குளிர் ஆகாது. தகரம் காய்ந்து, கை வைத்தால் கொஞ்சம் சூடு தெரிய வேண்டும். ஒட்டியபின் மூன்று நாலு வாரம் பனி படாமல் இருக்க வேண்டும். வெயில் இன்னும் இரண்டு நாளுக்குத்தான் என்றார்கள். முதல் நாள் கலா முன்பக்கத்தை மார்க் செய்து மார்க்கோ ஒட்டி முடித்தான். இரண்டாம் நாள் யோகன் தம்பி வேறு வீட்டுக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்குக் கலாவின் போன் அடித்தது.

"பாப்பாக்கு ஃபீவராம் ஆன்ட்டி, டேகேர்ல இருந்து கால் பண்றாங்க. நான் போயே ஆகணும். பேக் ஸைடு அஞ்சு ரோ, ஃப்ரண்ட்ல போட்ட அதே பேட்டர்ன். நீங்க மார்க் பண்ணி மட்டும் வைங்க. ஒட்ட வேணாம்னு மார்க்கோகிட்ட சொல்லிடறேன். நாளைக்கு வந்து செக் பண்ணிட்டு ஒட்டிக்கலாம்."

"செரி."

"ஃப்ரண்ட்ல எப்படி இருக்குன்னு மார்க்கோ போன்ல எடுத்துக் காட்டுவான். ஒரு வாட்டி பாத்துக்கோங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ போ."

அல்வா டப்பாவை என் கையில் வைத்துவிட்டு ஓடினாள். மார்க்கோ போனை நீட்டினான். நான் தள்ளிவிட்டேன். அரை நிமிஷ வேலைதான், பார்த்திருக்கலாம். அவள் போட்டதைப் பார்த்து நான் போடுவதா?

டிரைவ்வேயில் உட்கார்ந்தேன். முதல் வரிசை பதினைந்து. அதன் இடுக்குகளில் பதினாலு. அதன் இடுக்குகளில் பதிமூன்று. அப்புறம் பன்னிரண்டு, பதினொன்று. இடுக்குப்புள்ளி அப்படித்தான் போகும், ஒவ்வொரு வரியிலும் ஒன்று குறையும். அதுவரைக்கும் ஒவ்வொரு வரிக்கும் எண்ணிக்கை சொல்ல யோகன் தம்பி இருந்தார். அன்று சொல்ல ஆளில்லை. கை, மார்கழிதோறும் வாசலில் போன வழியிலேயே போய்விட்டது. முடித்து நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அழகாகச் சரிந்து, கண்ணுக்கு அத்தனை லட்சணமாக இருந்தது.

மார்க்கோ தலையைச் சொறிந்தான். காலியாக இருந்த இரண்டு மூலைகளையும் விரலால் காட்டி, "அக்கா?" என்றான். வேண்டாம் என்று கலா சொன்னதையும் கை சைகையில் சொன்னான். நான் விரலால் கூரையைக் காட்டி, ஒட்டு என்றேன். அவள் நாளைக்கு வந்து செக் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும், யோகன் தம்பி வந்து தட்ட வேண்டும், அது வலது பக்கக் கோடாக இருக்க வேண்டும். அந்த நினைப்புத்தான்.

சாயங்காலம் கலா போன் செய்தாள்.

"பேக் ஸைடு மார்க் பண்ணியாச்சா ஆன்ட்டி?"

"ஒட்டியே ஆச்சு."

"ஒட்டியாச்சா?" என்றாள். "ஃப்ரண்ட் மாதிரியேதானே?"

"அதே மாதிரிதான்."

மறுநாள் மழை. அதற்கடுத்த இரண்டு நாளும் மழை. ஈரத் தகரத்தில் ஏற முடியாது. அந்த மூட்டத்தில் கீழே நின்று பார்த்தால் என் கண்ணுக்குக்கூடக் கண்ணாடிப் பல் தெரியாது. அடுத்த வீட்டு வேலை காத்துக்கொண்டிருந்தது. என் வார்த்தையை நம்பிக் கலா டேப்லெட்டில் செக் செய்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டாள். மழை விட்டபின் யோகன் தம்பி முன்பக்கம் மட்டும் ஏறிப் பார்த்தார். பின்பக்கம் ஏணி வைக்க முடியாத சேறு. இறங்கி வந்து, கலா நின்ற பக்கம் ஏணியில் இரண்டு தட்டினார். இடது பக்கம் ஒரு கோடு போட்டேன்.

அடுத்த வீட்டில் மார்க்கோவுக்கு அவர் விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து, பதினாலு, மறுபடி பதினைந்து. அந்த மறுபடியைப் பார்த்ததும்தான் நான் வைத்த பதிமூன்று எனக்கு உறைத்தது. அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அல்வா டப்பாவை இனி ஒருநாளும் என் கையில் தர மாட்டார். சொல்லவில்லை. வீட்டில் தினமும் காலையில் பேத்தியிடம் கேட்பேன்.

"கண்ணு, இன்னிக்குப் பனி வருமாடா?"

"நோ அப்பத்தா. ஜஸ்ட் ரெயின்."

மழை என்றால் நிம்மதியாக இருக்கும். டிசம்பரில் இரண்டுமுறை தூவிவிட்டுப் போனது. எனக்கு அந்த மாதம் சரியாகத் தூக்கம் இல்லை.

ஜனவரியில் ஒன்றரை நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யோகன் தம்பியின் போன் அடித்தது. கேட்டார், எழுந்தார், தட்டை அப்படியே வைத்துவிட்டு வேனை எடுத்தார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.

பிளெய்ன்ஸ்பரோ வீட்டின்முன் இரண்டு தீயணைப்பு வண்டிகள் நின்றன. தெருவில் கேஸ் நாற்றம். அந்தப் பெண் எதிர்வீட்டு வாசலில், ஸாக்ஸ் காலோடு, குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நின்றாள். குழந்தை அழக்கூட இல்லை, கண்ணை விழித்து வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்க மூலையில் விழுந்த கட்டி மீட்டரை வளைத்துக் குழாயைப் பிளந்திருந்தது. மூலைக்கு மேலே ஐந்து வரிசை தாங்க வேண்டிய பனியைக் கீழே இருந்த இரண்டு வரிசை தாங்கியிருக்கிறது. அது எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? மூன்று பல் பசையோடு பிய்ந்து பனிக்குள் கிடந்தது. ஒரு பொறி பட்டிருந்தால் வீடு இருந்திருக்காது. ஒன்றும் ஆகவில்லை. கேஸை அடைத்துவிட்டு அவர்கள் போனார்கள்.

யோகன் தம்பி முதலில் அந்தப் பெண்ணிடம் போய், "மன்னிக்கோணும் தங்கச்சி," என்றார். அப்புறம் நீள ஏணியை வைத்து ஏறி, வெகுநேரம் கூரையைப் பார்த்தார். இறங்கியதும் இரண்டு கையும் பைக்குள் போயின.

"பின்பக்கம் மார்க் பண்ணினது ஆர்?"

கலா என்னைப் பார்த்தாள். நான் என் கையுறையைப் பார்த்தேன்.

"நான்தான் ஸைன் பண்ணேன் அண்ணா," என்றாள். "ஏறிப் பாக்காமயே பண்ணிட்டேன். என் தப்பு."

குளிர்காலம் முடிகிறவரை போன் மட்டும் எடு என்று அவளை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார். அல்வா டப்பா என்னிடம் திரும்பி வந்தது. வீட்டிலிருந்த மூடியைக் கொண்டுவந்து போட்டேன். பொருந்திக்கொண்டது.

நான் நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. யோகன் தம்பியின் வாய்தான் சும்மா இருக்கவில்லை. திட்டவே தெரியாத அந்த மனுஷன், புகழவும் தெரியாது என்று நான் நினைத்திருந்த மனுஷன், கலாவைப் புகழ ஆரம்பித்தார். டீக்கடையில் ஒருவரிடம் சொன்னார். பசை விற்கிறவரிடம் சொன்னார். "தன்ர பிழையைத் தன்ர வாயால சொன்ன பிள்ளை. இத்தனை வருசத்தில நான் அப்பிடி ஒரு ஆளைக் காணேல்லை." என் முன்னாலேயே சொல்வார். நான் பல்லைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். கடைசியில், என் சம்பளச் சீட்டு விஷயமாகப் போன் செய்த என் மகனிடமும் சொல்லிவிட்டார்.

"அம்மா, உங்க கம்பெனில கலான்னு ஒருத்தங்க இருக்காங்களாம்ல. ரொம்ப ஹானஸ்ட்டாம்," என்றான் என் மகன், இட்லியைப் பிட்டுக்கொண்டே. என் வீட்டில், நான் ஊற்றிய இட்லியை.

மறுநாள் காலை வேன் கிளம்புவதற்குமுன் யோகன் தம்பியின் எதிரில் போய் நின்றேன்.

"ஏனுங் தம்பி, ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறீங்களே, அந்தத் தப்பு அவளுதில்லீங். என்னுது."

"என்ன அக்கா சொல்லுறீங்கள்?"

"பதினஞ்சு, பதினாலு, பதிமூணு, பன்னெண்டு, பதினொண்ணு. கோலத்துக்கு வெக்கற மாதிரி வெச்சது நானு. அவ வேண்டாம்ன பொறகும் ஒட்டச் சொன்னது நானு. அதே மாதிரிதான்னு அவகிட்டப் பொய் சொன்னதும் நானு."

அவர் கை பைக்குள் போனது.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"சாக்பீஸ் போயிருமேன்னுங்."

"இப்ப ஏன் சொல்லுறீங்கள்?"

"என் தப்புக்கு அவளுக்குங்களே நல்ல பேரு போகுது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தக் குழந்தையை ஒருக்காவாவது நினைச்சனீங்களோ அக்கா?"

"தெனமும்ங்."

"அப்ப வேனில ஏறுங்கோ."

நேராக பிளெய்ன்ஸ்பரோவுக்குக் கொண்டுபோய் அந்தப் பெண் முன்னால் நிறுத்தினார். புது மீட்டர் வைத்திருந்தார்கள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. நடந்ததை நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கோபப்படவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இனிமே விழுகாதுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

நான் யோகன் தம்பியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "அதை நீங்கள் ஏறித்தான் சொல்லோணும்," என்றார். "அதுவரைக்கும் அந்தப் பக்கம் சேருற பனியை நானும் மார்க்கோவும் வந்து இழுத்து விடுறம்."

சொன்ன மாதிரியே அந்தக் குளிர்காலம் முழுக்க, பனி விழுந்தபோதெல்லாம் இரண்டு பேரும் நீளக் கோலோடு போய் அந்த மூலையை இழுத்துவிட்டு வந்தார்கள். தகரம் சூடாக ஏப்ரல் ஆயிற்று. அன்று காலையில் கலாதான் எனக்கு வாரைக் கட்டிவிட்டாள். தோளில் ஒன்று, தொடையில் இரண்டு, முதுகில் கயிறு. மூச்சுவிட முடியாமல் இறுக்கினாள்.

"ரொம்ப இறுக்குற."

"உப்பு ரொம்பப் போட்டீங்கல்ல," என்றாள்.

யோகன் தம்பி ஏணியை மூன்று முறை ஆட்டினார். அன்று நாலாவது முறையும் ஆட்டினார். நான் ஏறினேன்.

அறுபது வயதுக்குப் பக்கத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கூரைமேல் நின்றேன். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் மேலே இருந்து பார்த்தது இதுதானா என்று அந்த நேரத்தில்கூட அவர்மேல் ஒரு பொறாமை வந்தது. எல்லா வீட்டுப் பின்பக்கமும் தெரிந்தது. ஒரு நாய் ஊஞ்சலில் படுத்திருந்தது. ரயில் போகிற சத்தம் கேட்டது. கீழே டிரைவ்வேயில் நான் வைத்த புள்ளிகள், பதினைந்து, பதினாலு, மறுபடி பதினைந்து, கடுகு சிந்தியது மாதிரித் தெரிந்தன. இவ்வளவு சின்னதைப் பார்த்தா மார்க்கோ இத்தனை வருஷம் ஒட்டினான்?

மீட்டர் மூலை எனக்கு, அடுத்த மூலை கலாவுக்கு. மூலைக்கு நாலு பல் விட்டுப்போயிருந்தது. என் பக்கம் பிய்ந்துபோன மூன்றும் சேர்ந்து ஏழு. பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, வேறு துணியால் காயத் துடைத்து, பசை வைத்து, நகர்த்தாமல் அழுத்தி இருபது எண்ண வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் நாற்பது எண்ணினேன். நடுவில் கலாவிடம் கேட்டேன்.

"ஏம்புள்ள, அன்னைக்கு என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாமல்ல?"

"காட்டிக் குடுத்தா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாரு ஆன்ட்டி. அப்புறம் என் தயிர்சாதத்துக்கு யாரு உப்பு போடறது?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா நான் ரொம்ப அழுதேன், அது உங்களுக்குத் தெரியாது," என்றாள்.

எனக்குத் தெரியாதுதான். ஒரு பல்லை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

அந்த மூலையில் அதற்கப்புறம் எத்தனையோ பனிக்காலம் போய்விட்டது. ஒரு கட்டி விழவில்லை. அந்தக் குழந்தை இப்போது சைக்கிள் ஓட்டுகிறது. நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன், இப்போது வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன். யோகன் தம்பி கம்பெனியைக் கலாவிடம் ஒப்படைத்துவிட்டு டெக்சஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் பனி எப்போதாவதுதான் வருமாம். பாவம், எதைத் தட்டுகிறாரோ.

அன்றைக்கு நாங்கள் ஒட்டி முடித்ததும் அவர் மேலே வந்தார். என் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து ஏழு பல்லையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. தகரத்தில் இரண்டு தட்டினார். கீழே நின்று கேட்ட சத்தம் வேறு. இது தகரம் வழியாக என் உள்ளங்காலில் வந்து தொட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். எழுந்து கலாவின் மூலைக்குப் போனார். அவளுடைய நாலு பல்லையும் ஆட்டிப் பார்த்தார். மூன்று தட்டினார்.

கலா இந்த இடத்தில் டைப் செய்வதை நிறுத்திவிட்டாள். "ரெண்டுதான் ஆன்ட்டி," என்கிறாள்.

மூன்று. நான் எண்ணினேன். மூன்று என்றே போடச் சொன்னேன். மறுபடி டைப் செய்தாள்.

"மூணுன்னு போட்டயா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன அதே மாதிரிதான்," என்கிறாள்.